மருந்துச் சீட்டும் தினக்கூலியும்
ஆன்டிபயாடிக் பயன்பாடு: ஆரம்ப சுகாதாரத்தின் அரசியல்

(மக்கள் நல்வாழ்வு குறித்த கட்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சுகாதாரத் துறை குறித்த கட்சித் தீர்மானங்களில் சில கோரிக்கைகள் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களின் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். மருந்துகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். மருத்துவத்தைத் தனியாரிடம் ஒப்படைப்பதைக் கைவிட வேண்டும். இவை அனைத்தும் நியாயமான கோரிக்கைகள். ஆனால், மருந்து கிடைக்க வேண்டும் என்று போராடும் இயக்கம், எந்த நோய்க்கு எந்த மருந்து, எத்தனை நாள்களுக்கு என்ற கேள்வியை மருத்துவர்களிடமே விட்டுவிடுகிறது. அது மருத்துவத் தொழிலின் உள்விவகாரம் என்ற எண்ணம் தோழர்களிடையேயும் நிலவுகிறது. ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பொறுத்தவரை இந்த எண்ணம் தவறானது, ஆபத்தானதும்கூட. ஒரு மருத்துவர் இரண்டு நிமிடங்களில் எழுதித் தரும் மருந்துச் சீட்டின் பின்னால் கூலி, வேலை நேரம், குடிநீர், மருந்துக் கம்பெனிகளின் லாபம், அரசின் கொள்கை ஆகிய அனைத்தும் நிற்கின்றன.

எதிர்ப்புத்திறன் எவ்வாறு உருவாகிறது?

1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டறிந்தார். ஆக்ஸ்போர்டில் ஃபுளோரியும் செயினும் அதை நோயாளிக்குத் தரத்தக்க மருந்தாக வளர்த்தெடுத்தனர். 1945இல் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பரிசு ஏற்புரையிலேயே ஃபிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: பென்சிலின் கடைகளில் எவரும் வாங்கக்கூடிய பொருளாகும் காலம் வரலாம்; போதாத அளவில் அதை உட்கொள்பவரின் உடலில் பாக்டீரியாக்கள் அம்மருந்தைத் தாங்கும் ஆற்றலைப் பெற்றுவிடும் என்பதே அதன் சாரம். மருந்து மக்களைச் சென்றடையத் தொடங்கிய காலத்திலேயே அதன் அழிவுக்கான வழியும் சுட்டிக்காட்டப்பட்டது.

இது நிகழும் விதம் எளிமையானது. மனித உடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவை பெருகும்போது தற்செயலாக நிகழும் மரபணு மாற்றங்களால், குறிப்பிட்ட ஒரு மருந்தைத் தாங்கும் ஆற்றல் மிகச் சிலவற்றுக்கு வாய்க்கிறது. மருந்து இல்லாத சூழலில் அவற்றுக்குப் பெரும்பாலும் எந்தச் சாதகமும் இல்லை. மருந்து உட்கொள்ளப்படும்போது மற்றவை மடிகின்றன. தாங்கியவை எஞ்சிநின்று, காலியான இடத்தில் பெருகுகின்றன. மேலும், எதிர்ப்புத்திறன் அளிக்கும் மரபணுவை ஒரு பாக்டீரியா வேறு இனத்தைச் சேர்ந்த மற்றொரு பாக்டீரியாவுக்கும் கடத்த முடியும்.

இங்கு ஒரு பரவலான தவறான புரிதலைத் திருத்த வேண்டும். "அவருக்கு அந்த மருந்து பழகிவிட்டது" என்று சொல்லப்படுவதுண்டு. மருந்துக்குப் பழகுவது நோயாளியின் உடல் அன்று. பாக்டீரியாவே எதிர்ப்புத்திறன் பெறுகிறது. அது ஒருவரின் உடலோடு நின்றுவிடுவதில்லை. சளிக்காக ஒருவர் தேவையின்றி விழுங்கிய மாத்திரையின் விளைவை, சாக்கடை கலந்த குடிநீர் வழியாக அதே தெருவிலுள்ள ஒரு குழந்தை அனுபவிக்க நேரலாம். தனிநபரின் நோய் போலத் தோன்றுவது உண்மையில் சமூகத்தின் பொதுச் சொத்து ஒன்று கரைந்துபோவதாகும்.

இழப்பின் அளவு பெரிது. 2022இல் லான்செட் இதழில் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் மருந்து எதிர்ப்புத்திறன் கொண்ட பாக்டீரியா தொற்றுகளே நேரடிக் காரணமாக அமைந்த மரணங்கள் சுமார் 12.7 லட்சம், அத்தகைய தொற்றுகளோடு தொடர்புடைய மரணங்கள் சுமார் 49.5 லட்சம். பிரசவம், அறுவை சிகிச்சை, புற்றுநோய் சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு ஆகிய அனைத்தும் ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையின் மீதே நிற்கின்றன. அந்த நம்பிக்கை தளரும்போது, விலையுயர்ந்த கடைசிக்கட்ட மருந்தை வாங்க முடியாதவர்களே முதலில் சாகின்றனர்.

மிகையும் பற்றாக்குறையும்

"இந்தியர்கள் கண்டபடி ஆன்டிபயாடிக் விழுங்குகிறார்கள்" என்ற பேச்சு ஊடகங்களில் அடிக்கடி கேட்கிறது. உண்மை நிலை வேறு. இந்தியாவின் தனியார் துறை ஆன்டிபயாடிக் விற்பனையை ஆராய்ந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தலைக்குக் கணக்கிட்டால் இந்த நுகர்வு பல நாடுகளின் அளவை விடக் குறைவு என்றே காட்டுகிறது. சிக்கல் எவ்வளவு என்பதைக் காட்டிலும் எது என்பதில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகைகளாகப் பிரித்து வருகிறது. சாதாரணத் தொற்றுகளுக்கு முதலில் தரவேண்டியவை 'அணுகத்தக்கவை'. எதிர்ப்புத்திறனைத் தூண்டும் அபாயம் மிகுந்தவை 'கண்காணிக்க வேண்டியவை'. வேறு எதுவும் பலிக்காதபோது மட்டும் தரவேண்டியவை 'ஒதுக்கி வைக்க வேண்டியவை'. அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின் போன்ற பழைய, மலிவான மருந்துகள் முதல் வகையைச் சேர்ந்தவை. அசித்ரோமைசின், செஃபிக்சிம் போன்றவை இரண்டாம் வகை. மேற்குறிப்பிட்ட ஆய்வின்படி, 2019இல் இந்தியத் தனியார் துறையில் நுகரப்பட்ட ஆன்டிபயாடிக்குகளில் இரண்டாம் வகையின் பங்கு 54.9 சதவீதம், முதல் வகையின் பங்கு 27 சதவீதம் மட்டுமே. மொத்த நுகர்வில் 47.1 சதவீதம், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஒப்புதல் பெறாத தயாரிப்புகள். 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய அரசியல் பிரகடனம், 2030க்குள் உலக அளவில் முதல் வகையின் பங்கு குறைந்தது 70 சதவீதமாக வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது. இந்தியா எந்தத் திசையில் நிற்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இதன் மறுபக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. நிமோனியாவால் மூச்சு வாங்கும் குழந்தைக்கு உரிய நேரத்தில் அமாக்சிசிலின் கிடைக்காத கிராமங்கள் இதே நாட்டில் உள்ளன. தேவையற்றவருக்கு மிகையாகவும் தேவைப்படுபவருக்குப் பற்றாக்குறையாகவும் மருந்து சென்றடைவதே முதலாளித்துவச் சந்தையின் பங்கீடு. ஆகவே, "குறைத்துப் பயன்படுத்துங்கள்" என்ற ஒற்றை முழக்கம் போதாது. தேவைப்படும் ஒவ்வொருவருக்கும் சரியான மருந்து. தேவைப்படாத எவருக்கும் இல்லை என்பதே சரியான நிலைபாடாக இருக்க முடியும்.

மருத்துவரின் மேசையில்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோரில் பெரும்பான்மையோரின் தொல்லைகள் சிலவே: சளி, இருமல், தொண்டை வலி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சிறுநீர் எரிச்சல், புண். இவை ஒவ்வொன்றிலும் அறிவியல் சொல்வது தெளிவாகவே உள்ளது.

சளியும் சாதாரண இருமலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. தொண்டை வலியிலும் பெரும்பகுதி அவ்வாறே. ஸ்டிரெப்டோகாக்கஸ் பாக்டீரியா காரணமாக இருந்தால் பென்சிலின் அல்லது அமாக்சிசிலின் தேவை, ஏனெனில் அதைக் கவனியாது விட்டால் குழந்தைகளுக்கு வாதக் காய்ச்சலும் இதய வால்வு நோயும் வரலாம். குறைந்த அளவுக் காய்ச்சலுக்கும் வைரஸால் வரும் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

குழந்தையின் இருமல் நிமோனியாவா என்று அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. அமைதியாக இருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணினால் போதும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. வாய்வழி அமாக்சிசிலின் தர வேண்டும். விலா இடுக்கு உள்ளிழுக்கப்படுதல், பால் குடிக்க முடியாமை போன்ற அபாயக் குறிகள் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு நிமிடம் ஒரு குழந்தைக்கு மருந்தை உறுதிசெய்கிறது. பல குழந்தைகளைத் தேவையற்ற மருந்திலிருந்து காக்கிறது.

வயிற்றுப்போக்கில் இரத்தம் கலந்திருந்தாலோ காலரா ஐயம் இருந்தாலோ தவிர, பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. உப்புச் சர்க்கரைக் கரைசலும், குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் உயிர் காக்கும். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். அதைப் பிள்ளைகளுக்குப் புகட்டியவர்களில் குடும்பத்தினரும் இருந்தனர். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் அவரது மேற்பார்வையில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. மலிவான, காப்புரிமை இல்லாத அந்தக் கரைசலின் இடத்தில் இன்று எத்தனை மருந்துக்கடைகளில் இரட்டை ஆன்டிபயாடிக் கலவை மாத்திரை நீட்டப்படுகிறது என்பதைத் தோழர்கள் தங்கள் பகுதியிலேயே பார்க்க முடியும்.

ஆன்டிபயாடிக் மிகவும் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் உயிர் காக்கும் மருந்து. 2018ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின்போது கேரளத்தில் எலிக்காய்ச்சலைத் தடுக்க, வெள்ளநீரில் இறங்கி மீட்புப் பணியும் துப்புரவுப் பணியும் செய்தவர்களுக்கு அரசே டாக்சிசைக்ளினை வழங்கியது. தெளிவான காரணத்துக்காக, தெளிவான மக்கள் பிரிவுக்கு, மலிவான மருந்தை அரசு தருவதே பொருத்தமான பயன்பாடு.

காசநோய் இவற்றுள் தனிக் கவனத்துக்குரியது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்; அரசு நிலையங்களில் அது இலவசம். ஆனால் நடைமுறையில், இருமலுடன் வருபவருக்கு லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் எழுதித் தரப்படுகின்றன. இம்மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு ஒடுக்குபவை. நோயாளிக்குச் சில நாள்கள் குணமானது போலத் தோன்றும். நோய் கண்டறியப்படுவது தள்ளிப்போகும். அதற்குள் வீட்டிலும் பணியிடத்திலும் தொற்று பரவும். கிருமி எதிர்ப்புத்திறன் பெறும் வாய்ப்பும் கூடும். பீடித் தொழிலாளி, கல்லுடைக்கும் தொழிலாளி, நெரிசலான குடியிருப்பில் வாழும் புலம்பெயர் தொழிலாளி ஆகியோரே இதற்குப் பலியாகின்றனர்.

எத்தனை நாள் என்பதும் முக்கியம். பல சாதாரணத் தொற்றுகளுக்கு நீண்ட சிகிச்சையை விடக் குறுகிய சிகிச்சையே போதும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சமூகத்தில் தொற்றும் நிமோனியாவுக்கும் தோல் தொற்றுகளுக்கும் ஐந்து நாள்கள் என்று மேற்சொன்ன வழிகாட்டுதல் கூறுகிறது. காசநோய்க்கோ மாதக்கணக்கில், ஒரு வேளையும் தவறாமல் உட்கொள்ள வேண்டும். நோயாளி தானாகவே நிறுத்துவதும் தவறு. மருத்துவர் தேவைக்கு மேல் நீட்டுவதும் தவறு.

ஏன் எழுதப்படுகிறது?

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நடைமுறை மாறுபடுகிறது? மருத்துவரின் அறியாமை, மக்களின் விழிப்புணர்வின்மை என்பதே அரசின் விடை. 2016இல் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு இவ்விடையைச் சோதிக்க உதவுகிறது. மேற்கு வங்கத்தின் பிர்பூம் மாவட்டத்தில், முறையான பட்டமின்றிக் கிராமங்களில் மருத்துவம் பார்ப்போருக்கு ஒன்பது மாதப் பயிற்சி அளிக்கப்பட்டது. நோயைச் சரியாகக் கையாளும் திறன் உயர்ந்தது. ஆனால் தேவையற்ற மருந்துகளும் ஆன்டிபயாடிக்குகளும் தரப்படுவது குறையவில்லை. அறிவு கூடியும் நடைமுறை மாறவில்லை என்றால், காரணம் வேறிடத்தில் உள்ளது.

முதல் காரணம் கூலி. தினக்கூலித் தொழிலாளிக்கு மூன்று நாள் காய்ச்சல் என்பது மூன்று நாள் அடுப்பெரியாத நிலை. "தானாகச் சரியாகிவிடும், ஓய்வெடுங்கள்" என்ற மருத்துவரின் சொல் அறிவியலின்படி சரியானது. அவருடைய வாழ்க்கைக்குப் பொருந்தாதது. நாளைக் காலை வேலைக்குப் போக வேண்டிய நெருக்கடியே அவரை ஊசி கேட்க வைக்கிறது. தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் அமைப்புசாரா துறையில், ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு ஏதுமின்றி உழைக்கின்றனர். 1948ஆம் ஆண்டின் ஈஎஸ்ஐ சட்டமும்கூட, நோய்க்கால உதவித்தொகையை முதல் இரண்டு நாள்களுக்குப் பொதுவாக வழங்குவதில்லை என்றே விதித்தது. வைரஸ் காய்ச்சலில் ஆன்டிபயாடிக் கேட்கப்படுவதும் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு நாள்களில்தான்.

இரண்டாவது காரணம் நேரம். சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். அந்த அளவுகோல் எட்டப்படாத மாநிலங்களிலும், எட்டப்பட்டும் பணியிடங்கள் காலியாகக் கிடக்கும் நிலையங்களிலும், ஒரு மருத்துவர் காலை முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பார்க்க நேர்கிறது. ஏன் மருந்து வேண்டாம் என்று விளக்க ஐந்து நிமிடம் தேவை. மருந்து எழுத அரை நிமிடம் போதும்.

மூன்றாவது காரணம் பரிசோதனை வசதியின்மை. காய்ச்சல் மலேரியாவா, டெங்குவா, டைஃபாய்டா என்று உறுதிசெய்ய முடியாத மருத்துவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து எழுதுகிறார். டைஃபாய்டுக்குப் பரவலாகச் செய்யப்படும் விடால் பரிசோதனை ஒரே ஒரு முறை எடுத்த இரத்தத்தைக் கொண்டு நம்பத்தக்க முடிவைத் தராது. ஆயினும் அந்தச் சீட்டைக் காட்டியே எண்ணற்றோருக்கு ஆன்டிபயாடிக் தரப்படுகிறது.

நான்காவது காரணம், எல்லாவற்றையும் இணைக்கும் காரணம், லாபம். மருந்துக் கம்பெனிகள் ஒரே மருந்தை நூற்றுக்கணக்கான வணிகப் பெயர்களில் விற்கின்றன. அறிவியல் நியாயமற்ற கலவைகளைச் சந்தையில் குவிக்கின்றன. ஒன்றிய அரசு 2016 மார்ச்சில் 344 கலவை மருந்துகளைத் தடைசெய்தது. கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன. மறு ஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கலவைகள் மீண்டும் தடைசெய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மேலும் 156. தடைசெய்யும் வேகத்தைக் காட்டிலும் புதிய கலவைகள் முளைக்கும் வேகம் அதிகம். விற்பனை இலக்கை எட்டாவிட்டால் வேலை பறிபோகும் என்ற அச்சுறுத்தலின் கீழ் உழைக்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதிகளே இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர் என்பது குறிப்பிடத்தக்கது. மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் வழங்கி மருந்து எழுத வைப்பதைத் தடுக்கச் சட்ட வலிமை கொண்ட விதிமுறை வேண்டும் என்று அவர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு உச்சநீதிமன்றத்தை நாடியது. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு புதிய நடத்தை விதிகளை வெளியிட்டது. ஆனால் மீறுவோரை விசாரிக்கும் பொறுப்பைக் கம்பெனிகளின் சங்கங்களுக்கே விட்டுவைத்தது.

பொதுத்துறையின் பென்சிலின்

பழைய, மலிவான, சரியான மருந்துகள் ஏன் சந்தையில் அரிதாகின்றன என்பதைப் புரிந்துகொள்ளச் சற்று வரலாறு தேவை. 1954இல் புனேக்கு அருகே பிம்ப்ரியில், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. பென்சிலினை இந்திய மண்ணில், இந்திய மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் தயாரிப்பதே அதன் நோக்கம். 1961இல் சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் ஐடிபிஎல் தொடங்கப்பட்டது. ரிஷிகேஷில் அதன் ஆன்டிபயாடிக் ஆலை எழுந்தது. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை என்றாக்கியது. 1975இல் ஹாத்தி குழு 117 அத்தியாவசிய மருந்துகளைப் பட்டியலிட்டு, வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கப் பரிந்துரைத்தது.

அந்தப் பாதை தாராளமயக் காலத்தில் கைவிடப்பட்டது. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 2016 டிசம்பரில் ஐடிபிஎல்லை மூடவும் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸை விற்கவும் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்தது. பென்சிலின் தயாரிக்கத் தேவையான மூலப்பொருளுக்கு இறக்குமதியை நம்பும் நிலைக்கு நாடு தள்ளப்பட்டது. இதய வால்வு நோயுள்ள ஏழைக் குழந்தைகளுக்குத் தேவையான பென்சத்தீன் பென்சிலின் ஊசிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோதும், தேவையற்ற கலவை மாத்திரைகளுக்கு ஒருபோதும் தட்டுப்பாடு ஏற்படவில்லை. லாபம் குறைந்த மருந்தைக் கம்பெனி தயாரிக்காது. அதைத் தயாரிக்கும் பொதுத்துறையை அரசு காக்காது. மருத்துவர் எவ்வளவு நேர்மையானவராயினும், கடையில் இல்லாத மருந்தை எழுத முடியாது.

ஆலைகளின் கழிவும் இதே கதையைச் சொல்கிறது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், நோயாளியின் இரத்தத்தில் இருப்பதை விட அதிகச் செறிவில் சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு, புதுடெல்லித் தெருக்களில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய் நீர் மாதிரிகள் 50இல் 2இலும், வலிமைமிக்க மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 மரபணுவைக் கண்டது. அந்த மரபணுவுக்குப் புதுடெல்லியின் பெயர் சூட்டப்பட்டதைத் தேசத்தின் மானப் பிரச்சனையாக்கிய ஆட்சியாளர்கள், அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களின் மானத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சட்டம் மட்டும் போதுமா?

மருந்துச் சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கக் கூடாது என்பது பழைய விதி. 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, வலிமையான ஆன்டிபயாடிக்குகளும் காசநோய் மருந்துகளும் உள்ளிட்ட 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. மருத்துவர், நோயாளி, அளவு ஆகிய விவரங்களை எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும். 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் இத்தகைய நடவடிக்கைகளை வலியுறுத்தியிருந்தது. மருந்து அட்டையில் சிவப்புக் கோடு, 2017இல் தேசியச் செயல்திட்டம் என்று அறிவிப்புகள் தொடர்ந்தன. ஆய்வாளர்கள் போதாத நிலையில் பதிவேடுகள் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றன.

இங்கு ஓர் உண்மையான சிக்கல் உண்டு. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. இருபது கிலோமீட்டருக்குள் மருத்துவர் இல்லாத பழங்குடிக் கிராமத்தில், மருந்துச் சீட்டின்றி மருந்து தரக் கூடாது என்ற விதியைக் கடுமையாக்கினால், நிமோனியா வந்த குழந்தை மருந்தின்றிச் சாகும். மருத்துவரைக் கொண்டுசெல்லாமல் சட்டத்தை மட்டும் கொண்டுசெல்வது ஏழைகளைத் தண்டிப்பதாகும். விற்பனைக் கட்டுப்பாடும் பொது மருத்துவ விரிவாக்கமும் ஒருசேர நடைபெற வேண்டும்.

கேரள அனுபவம் இதற்கு ஒரு வழியைக் காட்டியது. இடது ஜனநாயக முன்னணி அரசு 2017இல் ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக்கியது. கூடுதல் மருத்துவர்களையும் செவிலியர்களையும் நியமித்தது. மாலையிலும் புறநோயாளிப் பிரிவு இயங்கச் செய்தது. 2018 அக்டோபரில் மருந்து எதிர்ப்புத்திறனுக்கு எதிரான மாநிலச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதன் பின்னரே, 2024 ஜனவரியில், சீட்டின்றி ஆன்டிபயாடிக் விற்கும் கடைகள் மீது 'ஆபரேஷன் அம்ரித்' நடவடிக்கையைத் தொடங்கியது; ஆன்டிபயாடிக்குகளை நீல நிற உறையில் தரும் முறையையும் கொண்டுவந்தது. அந்த வரிசையே இங்குப் பாடம். வேலை முடிந்து வரும் தொழிலாளிக்கு மாலையில் மருத்துவர் கிடைத்த பிறகு, கடைக்காரரிடம் சீட்டு கேட்பது நியாயமாகிறது.

இயக்கத்தின் கடமைகள்

தோழர்களே, இந்தப் புரிதலிலிருந்து சில கடமைகள் எழுகின்றன.

முதலாவதாக, சுகாதாரக் கோரிக்கைகளை விரிவுபடுத்த வேண்டும். "மருந்து வேண்டும்" என்பதோடு ஆய்வக வசதி, சளிப் பரிசோதனை, மலேரியா, டெங்கு பரிசோதனை, மூச்செண்ணப் பயிற்சி பெற்ற ஆஷா ஊழியர், அவர்களுக்குத் தொழிலாளர் என்ற அங்கீகாரமும் ஊதியமும் ஆகியவை சேர வேண்டும். 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பின்பற்றிவரும் மொத்தக் கொள்முதல் போன்ற முறையை எல்லா மாநிலங்களிலும் கோர வேண்டும். முதல் வகை ஆன்டிபயாடிக்குகள் எந்த நிலையத்திலும் தீர்ந்துபோகாத நிலை உறுதிசெய்யப்பட வேண்டும்.

இரண்டாவதாக, ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பைத் தொழிற்சங்கக் கோரிக்கையாக மட்டும் பார்க்காமல், பொது சுகாதாரக் கோரிக்கையாகவும் முன்வைக்க வேண்டும். மூன்று நாள் கூலி உத்தரவாதம் பல மருந்துச் சீட்டுகளைத் தேவையற்றதாக்கும்.

மூன்றாவதாக, பொதுத்துறை மருந்து உற்பத்தியை மீட்பது, நியாயமற்ற கலவைகளைத் தடைசெய்வது, விற்பனை நடத்தை விதிகளுக்குச் சட்ட வலிமை அளிப்பது, மருந்து ஆலைக் கழிவுக்கு ஆன்டிபயாடிக் வரம்பு விதிப்பது ஆகியவற்றுக்காக ஆலைத் தொழிலாளர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், மருத்துவர்கள், அறிவியல் இயக்கங்கள் ஆகியோரை ஒன்றிணைக்க வேண்டும்.

நான்காவதாக, சொந்த நடைமுறையைச் சீர்செய்ய வேண்டும். வெகுஜன அமைப்புகள் நடத்தும் மருத்துவ முகாம்களில், வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பட்டை ஆன்டிபயாடிக் கொடுத்தனுப்புவது சேவையாகாது. எத்தனை பேருக்கு மருந்து வழங்கப்பட்டது என்று முகாமின் வெற்றியை அளப்பதும் சரியன்று. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அரசு மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பரிசோதித்து, "இது வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் வேண்டாம், மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால், "மருந்து கொடுக்காமல் விரட்டிவிட்டார்" என்ற புகார் உள்ளூர்த் தோழர்களிடம் வந்து சேரும். உடனே முற்றுகை என்று கிளம்புவது எளிது. அந்த மருத்துவர் ஒருவேளை தம் கடமையைச் சரியாகச் செய்தவராக இருக்கலாம். அலட்சியத்தால் மறுக்கப்பட்ட மருந்துக்கும் அறிவியலால் தவிர்க்கப்பட்ட மருந்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டு, முன்னதை எதிர்த்துப் போராடவும் பின்னதைப் பொதுமக்களிடம் விளக்கி அந்த மருத்துவருக்குத் துணைநிற்கவும் தோழர்களால் முடிய வேண்டும்.

மக்களைக் குறைகூறுவதால் பாக்டீரியா பின்வாங்காது. குடிநீர், கூலி, மருத்துவர், பரிசோதனை, பொதுத்துறை மருந்து ஆகியவற்றுக்கான போராட்டமே எதிர்ப்புத்திறனுக்கு எதிரான போராட்டமாகும். கிளைக் கூட்டங்களில் இப்பொருளை விவாதிக்கவும், தத்தம் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்தப் பரிசோதனைகள் உள்ளன, எந்த மருந்துகள் இருப்பில் உள்ளன, எத்தனை மணிவரை மருத்துவர் இருக்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை திரட்டவும் ஒவ்வொரு கிளையும் முன்வர வேண்டும். அந்த விடைகளிலிருந்தே உள்ளூர்க் கோரிக்கைகள் உருவாக வேண்டும்.